சிதம்பரத்திலிருந்து வந்த ஒரே ஒரு ரிங்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் டீ குடிக்கப் போய்விடுவேன். பயந்துகொண்டு இல்லை, எனக்கு அதெல்லாம் சிரிப்பாக இருக்கும். நான் கடலூரில் கெமிக்கல் கம்பெனிகளை ஒட்டிய குடிகாட்டில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊர்ப் பக்கம் பனிக்காலத்தில் கம்பெனிப் புகை வெள்ளையாக ரோட்டில் இறங்கி ஆள் உயரத்துக்கு நிற்கும், வெளியூர்க்காரர்கள் பார்த்தால் அலறுவார்கள், நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதற்குள்ளேயே நடந்து போவோம். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு கேளுங்கள். சொல்லி முடித்ததும் நீங்கள் சிரித்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் வேலை செய்கிறேன். பேர் வேண்டாம். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனாலும் அங்கே கம்ப்யூட்டர் ரூம் என் பொறுப்பில் இருக்கிறது. கம்ப்யூட்டர் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். பில், ஸ்டாக், ஆர்டர் எல்லாம் ஓடுகிற பெரிய மெஷின் ஒன்று அந்த ரூமில் இருக்கிறது, சர்வர் என்பார்கள். அதற்குக் குளிர்ச்சியும் கரண்டும் குறையாமல் பார்ப்பது, தூசி தட்டுவது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வைப்பது, இவ்வளவுதான் என் வேலை. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பதும் நான்தான். அந்த ரூமில் யாரும் வந்து பேசமாட்டார்கள், அதனாலேயே எனக்கு அந்த வேலை பிடித்தது. நான் நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டேன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

எங்கள் கம்பெனிக்குச் சிதம்பரத்தில் ஒரு கிளை உண்டு, தெற்கு வீதிக்குப் பின்னால். அங்கேயும் இதே மாதிரி ஒரு மெஷின். இரண்டையும் ஒரு தனி லைன் போட்டு இணைத்திருந்தார்கள். கிளஸ்டர் என்று அதற்குப் பேர். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, இதில் எழுதுவது அதிலும் இருக்கும், அதில் எழுதுவது இதிலும் இருக்கும். லைன் வழியாக ஒன்றை ஒன்று 'இருக்கியா, இருக்கியா' என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் அடுத்தது செத்துவிட்டது என்று முடிவுகட்டி இது மொத்த வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்ளும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இரண்டும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் லைன் மட்டும் அறுந்துபோனால் என்ன ஆகும்? இது அதைச் செத்தது என்று நினைக்கும், அது இதைச் செத்தது என்று நினைக்கும். இரண்டும் தனித்தனியாக வேலை பார்க்கும், கணக்கு இரண்டு விதமாகிவிடும். அப்புறம் சேர்க்கும்போது ஒன்றைத்தான் உண்மை என்று வைக்க முடியும், இன்னொன்றில் எழுதியது போனது போனதுதான்.

ஒரு தடவை அப்படி நடந்துவிட்டது. அதில் போன ஆர்டரில் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளை என்கிற ஊரில் இருக்கிற ஒரு சின்ன மருந்துக்கடைக்குப் போக வேண்டிய இன்சுலினும் ஒன்று. கடையில் மருந்து இல்லை, நாளைக்கு வரும் நாளைக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பிக் காத்திருந்த ஒரு அம்மா மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் கண் பார்வை மங்கிப்போனது. அந்த அம்மா வேறு யாருமில்லை, சிதம்பரம் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தோணியின் அக்கா.

அந்தோணி கிள்ளைக்காரன். அங்கே அவனுக்கும் என்னுடைய வேலையேதான். எனக்கு நேர் எதிர், வாய் மூடவே மாட்டான். எந்நேரமும் கிராம்பு மென்றுகொண்டே இருப்பான், பல்வலி வந்தபோது ஆரம்பித்தது, வலி போனபிறகும் விடவில்லை. சட்டைப்பையில் கிராம்பு இருக்கும், பக்கத்தில் யார் நின்றாலும் இரண்டு எடுத்துக் கையில் வைத்துவிடுவான். எனக்கு அவன் சொந்தமும் இல்லை, சாதியும் இல்லை, சாமியும் வேறு. முதல் நாளே "மச்சான்" என்று கூப்பிட்டான், அப்புறம் நானும் கூப்பிட்டேன். வீட்டில் பேசாததைக்கூட அவனிடம் பேசியிருக்கிறேன்.

அக்கா விழுந்ததற்கு அப்புறம் அவன்தான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தான். எங்கள் இரண்டு ரூமிலும் ஒரு மேசை போன் இருந்தது, கம்பெனிக்குள்ளேயே பேசுவதற்கு. மெஷின்கள் பேசுகிற அதே லைனில்தான் அதுவும் ஓடும்.

"மச்சான், தெனம் கடை தொறக்கறதுக்கு முன்னாடி நான் ஒரே ஒரு ரிங் உட்டு வெச்சிருவேன். 'என்னுது நிக்குது'ன்னு அர்த்தம். நீயும் திருப்பி ஒரு ரிங் உடு. 'என்னுதும் நிக்குது'ன்னு. எடுத்துறாத."

"எடுத்தா என்ன?"

"எடுத்தா நான் பேச ஆரம்பிச்சிருவேன், கடை தொறக்க மத்தியானம் ஆயிரும்."

ரிங் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது. வராவிட்டால் செல்போனில் கேட்போம். அதுவும் கிடைக்காவிட்டால் பஸ் ஏறிவிட வேண்டியது, யார் சொல்வதற்கும் காத்திருக்கக்கூடாது. அதுதான் பேச்சு. முதலாளிக்கு இது தெரியும், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். எத்தனையோ வருஷம் அந்த ஒரு ரிங்கில்தான் எனக்குப் பொழுது விடிந்தது.

ஒரு கூத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு புயலுக்கு மறுநாள், லைனும் இல்லை, செல்போனும் இல்லை. நான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். ரோட்டில் மரம் விழுந்து, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தால் அவன் ரூம் பூட்டியிருக்கிறது. அவனும் பொறுக்காமல் கடலூர் பஸ் ஏறிவிட்டான்! புதுச்சத்திரம் பக்கத்தில் எங்கேயோ இரண்டு பஸ்ஸும் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கிறது. அவன் என் ரூம் பூட்டைப் பார்த்துவிட்டு, எதிரே டீக்கடையில் டீ குடித்துவிட்டு, "ஏழுமலை வந்தா என்னுது நிக்குதுன்னு சொல்லுங்க, அவன்து நிக்குதா?" என்று கேட்டிருக்கிறான். எது நிற்கிறது என்று தெரியாமல் டீக்கடைக்காரர் முழித்திருக்கிறார். அதற்கப்புறம் எத்தனை நாள் இதைச் சொல்லிச் சிரித்தோம்.

"ரெண்டு மெஷினும் கெட்டு நின்னாக்கூட நம்மள மாதிரி கெட்டு நிக்காது மச்சான்" என்பான்.

அந்தோணி போய்ச் சேர்ந்துவிட்டான். மாரடைப்பு. கிள்ளையில் மாதா கோவில் கல்லறையில் நானும் ஒரு பிடி மண் போட்டேன். அவன் இடத்துக்கு ஆள் போடவில்லை. அவன் ரூமைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் தூரத்திலிருந்தே மெஷினைப் பார்த்துக்கொள்ளலாமாம், வாரம் ஒரு தடவை நான் போய் ஏசியையும் பேட்டரியையும் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்றார்கள். முதல் வாரம் போனபோது அவன் மேசை போனைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஒயரைப் பிடுங்கிச் சுற்றி, ஒரு மருந்து அட்டைப்பெட்டியில் போட்டு, பரண்மேல் வைத்துவிட்டேன். என் கையால் வைத்தேன். இதை மறந்துவிடாதீர்கள்.

போன வருஷம் முதலாளி அந்தக் கிளஸ்டரே வேண்டாம் என்று முடிவு பண்ணினார். லைனுக்குச் செலவு ஜாஸ்தி, மெஷின்களும் கிழடாகிவிட்டன. கடலூருக்குத் தனியாக ஒரு புது மெஷின், சிதம்பரத்துக்குத் தனியாக ஒன்று, அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்வது. அதற்குப் பேர் ஸ்டாண்ட்அலோனாம். "ஒத்தையா நிக்கிறதுண்ணே" என்று எனக்குச் சொன்னது ரேவதி. விழுப்புரத்துப் பெண், எங்களுக்கு சாப்ட்வேர் போட்டுக்கொடுத்த கம்பெனியில் இன்ஜினியர், என் தங்கச்சி வயது இருக்கும். நிதானமான ஆள். நான் வாய் திறக்காததைப் பார்த்துவிட்டு அதுவும் என்னிடம் அளவாகத்தான் பேசும், ஆனால் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை மாற்றுவது என்று ஏற்பாடு. அதற்காகச் சனிக்கிழமை இரண்டு இடத்திலும் பில் போடவேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். கடலூரில் அன்றைக்குச் சரக்கு எண்ணினோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நல்ல வெயில். ரூமில் நானும் ரேவதியும்தான். அது திரையைப் பார்த்துவிட்டு, "சிதம்பரம் மெஷின் பேசலியேண்ணே" என்றது. கிளை மேனேஜருக்குப் போன் போட்டது, அவர் ஏதோ கல்யாணத்தில் இருந்தார் போல, எடுக்கவில்லை.

"பில்தான் இல்லியே, மெயின ஆஃப் பண்ணிட்டுப் போயிருப்பாங்க. பரவால்ல, ரெண்டுலயும் ஒண்ணேதான இருக்கு. இத உண்மைன்னு வெச்சி இதுலேருந்தே ரெண்டு புதுசுக்கும் எடுத்துர்றேன். நாளைக்குக் காலையில அந்தப் பழைய மெஷின எக்ஸ்சேஞ்சுல ஏத்தி உட்ரலாம். அழிச்சிட்டுத்தான் எடுத்துக்கிட்டுப் போவாங்க."

நான் தலையை ஆட்டினேன். அழிப்பது என்று கேட்டதும் எனக்கு என்னவோ போல இருந்தது. அந்தோணி தினமும் துடைத்த மெஷின். ஆனால் அதை எப்படி ஒரு காரணமாகச் சொல்வது?

"இத அமுக்குனா முடிஞ்சிதுண்ணே. அதுக்கப்புறம் அதுல என்ன இருந்தாலும் கணக்குல வராது" என்று சொல்லி ரேவதி விரலைக் கொண்டுபோனது.

மேசை போன் அடித்தது.

ஒரே ஒரு ரிங். நின்றுவிட்டது.

நான் எடுக்கவில்லை. என் கை பாட்டுக்கு எடுக்காமல் நின்றது, அத்தனை வருஷப் பழக்கம். போனின் சின்னத் திரையில் சிதம்பரம் ரூமின் நம்பர் தெரிந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. ரேவதி திரும்பிப் பார்த்தது.

"யாருண்ணே மிஸ்டு கால்? அந்த ரூம்ல ஆள் இருக்காங்களா?"

"இல்லம்மா. சாவி எங்கிட்டதான் இருக்கு." பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"இந்தப் போன் லைன் மேலதான ஓடுது? அப்ப லைன் இருக்குன்னு ஆவுது. லைன் இருந்தா மெஷின் ஏன் பேசல?" விரலை எடுத்துவிட்டு என்னென்னவோ தட்டிப் பார்த்தது. முகம் மாறிப்போனது. "லைனே இல்லண்ணே. வெள்ளிக்கிழமை ராத்திரியே போயிருக்கு. அப்ப எப்படி ரிங் வந்துச்சி?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். ஒரு ரிங் என்றால் என்ன அர்த்தம் என்று சொன்னேன். அக்கா விழுந்ததையும் சொன்னேன். அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல நான் ஒரு வெளி ஆளிடம் பேசியதே கிடையாது. அந்தோணி செத்துப்போனதை மட்டும் சொல்லவில்லை, சொன்னால் பைத்தியம் என்று நினைத்துவிடும். ஆனால் ரேவதிக்கு அது ஏற்கெனவே தெரியும், கம்பெனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கார் சாவியைக் கையில் எடுத்தது.

"வாங்கண்ணே, நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துரலாம். பாக்காம அமுக்குனா எனக்குத் தூக்கம் வராது."

அதனுடைய காரிலேயே கிளம்பினோம். கதவைப் பூட்டி அவசரமாக ஓடியதில் நான் ஒன்றைச் செய்யவில்லை. திருப்பி ரிங் விடவில்லை. லைன் இல்லாத போனில் விட்டு என்ன ஆகப்போகிறது என்றுகூட நினைக்கவில்லை, ஞாபகமே வரவில்லை. ஆலப்பாக்கம் தாண்டினோம். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் சிதம்பரத்திலிருந்து ஒரு பஸ் எதிரே வந்து எங்களைத் தாண்டிப் போனது. பழைய கூத்து ஞாபகம் வந்து, சும்மா, பழக்கதோஷத்தில் ஜன்னல் சீட்டுகளைப் பார்த்தேன். வெயிலுக்கு ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள்.

சிதம்பரத்தில் ரூமைத் திறந்தோம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, விளக்கெல்லாம் பச்சை. ரேவதி அந்தோணியின் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்க்கப் பார்க்க நெற்றியில் கை வைத்துக்கொண்டது. சனிக்கிழமை முழுக்க அங்கே ஆர்டர் போட்டிருக்கிறார்கள். முதலாளி வேண்டாம் என்றாலும் கடைக்காரர்கள் வந்து நின்றபோது கவுண்டரில் இருந்தவர்களால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. திருவிழாக் கூட்டம் வேறு. அதில் டயாலிசிஸ் பண்ணுகிற ஒரு இடத்துக்குத் திங்கட்கிழமை காலையில் போகவேண்டிய மருந்து, சுற்றுப்பட்டுச் சின்னக் கடைகளுக்கு இன்சுலின், எல்லாம் இருந்தது. வேறு எங்கேயும் அது எழுதப்படவில்லை. அந்த ஒரு மெஷினில் மட்டும்தான்.

"அழிச்சிருப்பேண்ணே" என்றது.

எல்லாவற்றையும் முதலில் பத்திரமாக எடுத்துக்கொண்டது. அது முடிந்தபிறகு சுற்றுமுற்றும் பார்த்து, "போன் எங்கண்ணே?" என்று கேட்டது.

நான் ஸ்டூல்மேல் ஏறிப் பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினேன். பிரித்துக் காட்டினேன். போன் இருந்தது, நான் சுற்றிய சுற்று மாறாமல் ஒயரோடு. ரேவதி அதைத் தொடவில்லை. "ஏதோ சிஸ்டம் கோளாறாத்தான் இருக்கும்" என்று மெதுவாகச் சொன்னது. எனக்குச் சொன்னதா, தனக்குச் சொல்லிக்கொண்டதா, தெரியாது.

சாயங்காலத்துக்குள், முன்பே அங்கே இறக்கி வைத்திருந்த புது மெஷின் சிதம்பரத்தில் தனியாக எழுந்து நின்றது. பழைய மெஷினை அணைக்கும்போது நான் அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சுழல்கிற காற்றாடிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கடலூருக்குத் திரும்பி, இங்கேயும் அதே மாதிரி மாற்றி முடித்தோம். லைனையும் கழற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் இனிமேல் ஒன்றை ஒன்று இருக்கியா என்று கேட்காது.

இதோடு விட்டிருந்தால் நானும் கோளாறு என்றே வைத்துக்கொண்டிருப்பேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை. சிதம்பரத்தில் மருந்தெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ரேவதி போனில் சொன்னது. எனக்கு மனசு லேசாகி, எதிரே டீ குடிக்கப் போனேன். பழைய டீக்கடைக்காரர் எப்போதோ கடையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது இருக்கிற பாய் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்து சில மாதம்தான் ஆகிறது. அந்தோணியை அவர் பார்த்ததே இல்லை, பேரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

டீயை வாயில் வைத்தேன். வாசனை தூக்கியடித்தது.

"என்ன பாய், கிராம்பு போட்டீங்களா?"

"ஆமாண்ணே, நல்லாருக்கா? நேத்து ஒருத்தரு குடுத்துட்டுப் போனாரு. ஒங்களதான் தேடிக்கிட்டு வந்தாரு. மத்தியானத்துக்கு மேல, சிதம்பரம் பஸ்ல எறங்கி. கம்பெனி பூட்டிக் கெடக்குது, நீங்க அந்த இன்ஜினியர் பொண்ணோட கார்ல போயிட்டீங்கன்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாரு."

டம்ளர் கையிலேயே இருந்தது.

"என்ன சொன்னாரு பாய்?"

"என்னுது நிக்குதுன்னு சொல்லுங்க, அவன்து நிக்குதான்னு கேட்டாரு. எது நிக்குதுன்னு எனக்கு என்னாண்ணே தெரியும்? பாவம் வெயில்ல வந்துருக்காரேன்னு, நிக்குதுங்கன்னு சொல்லி வெச்சேன். சந்தோஷமா ரெண்டு கிராம்பு எடுத்துக் கையில வெச்சாரு. எனக்குத்தான் பல்லு ஆவாதே, டீத்தூள்ல போட்டு வெச்சிட்டேன்."

எந்த பஸ்ஸில் திரும்பிப் போனார் என்று கேட்டேன். பாய் கொஞ்சம் யோசித்தார்.

"போனத நான் பாக்கலியேண்ணே. டீ ஆத்திட்டுத் திரும்புனேன், காணும்."

ரேவதியிடம் இதைச் சொல்லவில்லை. அந்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தேன், கீழே ஊற்ற மனசு வரவில்லை. ரூமில் இப்போது ஒற்றை மெஷின்தான் ஓடுகிறது, மேசை போனில் உயிர் இல்லை, இருந்தாலும் அதை எடுத்துப் போட நான் விடவில்லை. அன்றைக்கு நான் திருப்பி விடாத ரிங்குக்குப் பதிலாகப் பாய் 'நிக்குதுங்க' என்று சொன்னார், அது போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் தினமும் ஷட்டர் திறப்பதற்கு முன்னால் மெஷின்மேல் கையை வைத்து, "என்னுதும் நிக்குது மச்சான், நீ வீட்டுக்குப் போ" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகும் சில நாள் அந்த ரூமில் கிராம்பு வாசனை போகாமல் அப்படியே நிற்கிறது.